கொட்டை எடுத்த கம்ப்யூட்டர்

தென்பகுதிப் புளி அபிவிருத்தி வாரியத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற ரோட்டில், திருநகரில், முன்னால் ஒரு கொடிக்கம்பமும் பின்னால் ஒரு கிடங்குமாக அது தன் பாட்டுக்கு இருந்தது. சாலையோரப் புளியமரங்களை ஏலம் விடுவது, ஏலம் எடுத்தவருக்குக் கடிதம் எழுதுவது, அவர் பதில் போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதுவது, இவைதான் அதன் வேலை. வாரியம் வந்ததால் எந்த மரமும் கூடுதலாகக் காய்த்ததில்லை, குறைவாகவும் காய்த்ததில்லை. இதை வாரியமே தன் ஆண்டறிக்கையில் சாதனைகள் என்ற தலைப்பில் சொல்லியிருக்கிறது.

அந்தக் கடிதங்களையெல்லாம் தமிழ் டைப்ரைட்டரில் அடித்தவள் ஜெயினம்பு. காஜிமார் தெருவிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவாள். அவள் புருஷன் முகம்மது கனி தையல்காரர். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்னால் அவருக்கு நிமிர நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் குனிய வேலை இருக்காது. ஆகவே வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரிந்தது ஜெயினம்புவின் வேலையால்தான். இது அவளுக்கும் தெரியும், கனிக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

எண்பத்தாறாம் வருஷம் வாரியத்துக்குக் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. மற்ற வாரியங்கள் வாங்கிவிட்டன என்பதைத் தவிர வேறு காரணம் யாருக்கும் தெரியவில்லை. உத்தரவு தெளிவாக இருந்தது. கம்ப்யூட்டர் வந்து இறங்குகிற நாளில் டைப்பிஸ்ட் பதவி ஒழியும். அதே நாளில் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர் பதவி பிறக்கும். ஜூன் மாதக் கடைசிக்குள் கம்ப்யூட்டர் நன்றாக இயங்குவதாக மேலிடத்துக்கு அறிக்கை போனால் ஜெயினம்பு அந்தப் பதவியில் நிரந்தரம். போகாவிட்டால் அவள் உபரி ஊழியர். உபரி ஊழியர்களை வாரியம் செங்கோட்டைக் கிடங்குக்கு மாற்றிவிடும். அங்கே போனவர்களிடமிருந்து அதுவரை தலைமை அலுவலகத்துக்கு வந்த ஒரே தபால் ராஜினாமாக் கடிதம்தான்.

ஜெயினம்பு பயந்துகொண்டே மெட்ராஸ் போய்ப் பயிற்சி எடுத்தாள். கனி கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போய், பயிற்சி நடந்த கட்டடத்தின் வாசலிலேயே காத்துக் கிடந்தார்.

கம்ப்யூட்டருக்காக வாரியம் ஒரு அறையைப் பிளைவுட் அடித்துத் தடுத்து, ஏ.சி. வைத்தது. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று வாசலில் எழுதி ஒட்டினார்கள். கொல்லையில் ஒரு குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, செம்புக் கம்பி ஒன்றை இறக்கினார்கள். அது எர்த் குழி. மெஷினில் கசிகிற கரண்டு அதன் வழியாக மண்ணுக்குள் போய்விடுமாம். குழி காயக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதால், தினமும் தண்ணீர் ஊற்ற சின்னக்கருப்பன் என்ற கடைநிலை ஊழியர் நியமிக்கப்பட்டார். அந்தக் கோடையில் அலுவலகத்துப் பானை பாதி நாள் காலியாகத்தான் கிடந்தது. குழி ஒரு நாளும் காயவில்லை.

நல்ல நேரம் பார்த்து, செயல் இயக்குநர் மலைச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுவிட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி போட்டார். அப்போதும் நடக்கவில்லை.

கம்பெனி ஆள் மெஷினைத் திறந்து பார்த்து, பவர் சப்ளை போய்விட்டது என்றார். அது உள்ளே இருக்கிற ஒரு தகர டப்பா. சுவரிலிருந்து வருகிற கரண்டைக் கம்ப்யூட்டருக்குச் செரிக்கிற மாதிரி குறைத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் மேஜைச் சாமான். புதிதாக வந்ததிலேயே அது கெட்டு வந்திருந்தது. கழற்றி மெட்ராஸுக்கு அனுப்பினால் வேறு கொடுப்பார்கள், சுலபமான காரியம் என்று சொல்லிவிட்டு அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். அவருக்கு வாரியத்தைத் தெரியாது.

ஒரே பொருளாக வாங்கியதில் ஒரு பாகத்தை மட்டும் வெளியே அனுப்ப விதி இருக்கிறதா என்று மலைச்சாமி கேட்டார். கண்காணிப்பாளர் விருமாண்டி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அது புளி வாரியத்தின் விதிப் புத்தகம். அதில் உள்ளே இருப்பதை எடுத்து வெளியே அனுப்புவது பற்றி ஒரே ஒரு விதிதான் இருந்தது. அந்த விதிப்படி சரக்கு இரண்டு வகைப்படும். கொட்டை எடுத்தது, கொட்டை எடுக்காதது.

“அப்ப இது கொட்டை எடுத்த கம்ப்யூட்டர், சார்” என்றார் விருமாண்டி.

“அந்த டப்பா?”

“அது கொட்டை.”

மலைச்சாமி விதிக்குள் வருகிறது என்று கையெழுத்துப் போட்டார். பவர் சப்ளையை ஒரு சாக்கில் கட்டி, புளியங்கொட்டை என்று எழுதி, லாரி பார்சலில் அனுப்பிவிட்டார்கள். மெட்ராஸ் லாரி ஆபீஸில் சாக்கின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார்கள். படித்ததை நம்பி, அதை ஒரு மாட்டுத்தீவனக் குடோனில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்கப்புறம் கம்பெனி வரவில்லை என்றது, வாரியம் அனுப்பிவிட்டோம் என்றது, இரண்டும் உண்மையாக இருந்தன.

இதற்குள் கத்திரி வெயில் வந்துவிட்டது. மலைச்சாமி தன் மேஜையைக் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றிக்கொண்டார். பழுதான மெஷினைப் பொறுப்பான அதிகாரி ஒருவர் நேரில் கண்காணிக்க வேண்டும் என்றார். அவரைக் கலந்தாலோசிக்க வசதியாக விருமாண்டி தன் மேஜையை மாற்றிக்கொண்டார். பழுதை விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். அது காலையில் கூடி, சாப்பாட்டுக்குக் கலைந்து, சாப்பிட்டதும் மறுபடி கூடி, வெயில் தாழ்கிற வரைக்கும் கண்ணை மூடி ஆலோசித்தது.

ஜெயினம்புவுக்கு உட்கார இடமில்லை. டைப்பிஸ்ட் நாற்காலி பதவியோடு சேர்ந்து ஒழிந்திருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் தயங்கித் தயங்கி, கம்ப்யூட்டர் அறைக்குள் வந்து உட்காரலாமா என்று கேட்டாள்.

“ஓடாத கம்ப்யூட்டருக்கு ஆப்பரேட்டர் எதுக்கும்மா?” என்றார் மலைச்சாமி. அதில் கோபமே இல்லை. உண்மையாகவே கேட்டார்.

மெஷின் பழுது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, தனக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும்படி அவள் கேட்டாள். பழுது என்று எழுதினால் ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று விருமாண்டி சொன்னார். மாதமோ மே. செங்கோட்டை பஸ் எங்கே நிற்கும் என்று ஜெயினம்பு விசாரித்து வைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வாரியத் தலைவர் திறப்பு விழாவுக்குத் தேதி கொடுத்துவிட்டார். அவர் கொடுத்த தேதியை மாற்றுகிற வழக்கம் அங்கே கிடையாது. விருமாண்டி ஒரு நாள் முழுக்க ஏ.சி.யில் உட்கார்ந்து யோசித்தார். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் வைக்க ஒரு சந்து விட்டிருந்தார்கள். ஒரு ஆள் உட்காரலாம், எழுந்து திரும்ப முடியாது. பழைய தமிழ் டைப்ரைட்டரைத் தட்டுமுட்டுச் சாமான் குவியலிலிருந்து எடுத்து அங்கே வைத்தார். தடுப்பில், கம்ப்யூட்டர் பிரிண்டருக்கு நேர் பின்னால், ஒரு தாள் நுழைகிற அளவுக்குக் கீறல் போட வைத்தார். பிறகு ஜெயினம்புவைக் கூப்பிட்டார்.

“உள்ள இருந்து நீ அடி. தாளைத் தள்ளிவிடு. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர்ல வரும்.”

“இது பொய்யில்லையா சார்?”

“லெட்டர் வருதுல்ல? வந்தா அப்பறம் என்ன பொய்யி? நீ செங்கோட்டைக்குப் போறியா, சொல்லு.”

அன்றைக்கு வீட்டில் இதைச் சொல்லி அழுதாள். கனி ஊசியில் நூலைக் கோத்தார். பிறகு, சட்டை போடுகிறவன் காஜா எடுத்தது யாரென்று கேட்பதில்லை என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதிக்கப் போனார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அவளுக்கு ஆறுதலாக இல்லை.

அந்த வருஷம் கத்திரியும் நோன்பும் ஒன்றாக வந்தன. விழா நாளன்று ஜெயினம்பு நோன்போடு அந்தச் சந்துக்குள் உட்கார்ந்தாள். ஃபேன் கிடையாது, ஜன்னல் கிடையாது. ஏ.சி.யின் பின்பக்கத்து அனல் அங்கேதான் வந்து இறங்கியது. சின்னக்கருப்பன் குழிக்கு ஊற்றப் போன தண்ணீரில் பாதியைச் சந்தின் தரையில் ஊற்றிவிட்டுப் போனார். குடிக்க முடியாதவளுக்குக் காலாவது குளிரட்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். கண்ணேறு படாமல் இருக்கத் திரையை வெல்வெட் துணியால் மூடியிருந்தார்கள். வாரியத் தலைவர் செருப்பில்லாமல் எழுந்து பேசினார்.

“இந்த மெஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதுனாலதான் என்னையத் திறக்கக் கூப்பிட்டாங்க. தெரிஞ்சவனைக் கூப்பிட்டா அவன் கேள்வி கேப்பான், நிகழ்ச்சி கெட்டுப்போகும். இதுக்கு முன்னாடி நான் ஒரு அணைக்கட்டு, ரெண்டு ஆஸ்பத்திரி திறந்துருக்கேன். அதையும் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நல்லாத்தான் இருக்குறதா கேள்விப்பட்டேன்.”

கைதட்டல் அடங்கியதும், மேலூர் ஏலதாரர் ஒருவருக்குத் தலைவர் ஒரு கடிதம் சொல்லிக்கொண்டு வந்தார். மலைச்சாமி கம்ப்யூட்டரின் பித்தான்களை ஒவ்வொன்றாக மரியாதையோடு தொட்டார். பின்னால் ஜெயினம்பு அடித்தாள். டைப்ரைட்டர் ஒவ்வொரு வரி முடிவிலும் மணி அடித்தது. கூட்டம் சிலிர்த்தது.

பாதிக் கடிதத்தில் கரண்டு போய்விட்டது. விளக்கு அணைந்தது, ஏ.சி. நின்றது, மைக் செத்தது. சந்துக்குள் விளக்கும் இல்லை ஃபேனும் இல்லை, ஏ.சி. நின்றதும் டைப்ரைட்டர் சத்தத்தில் கேட்கவில்லை என்பதால் ஜெயினம்புவுக்கு அது தெரியவில்லை. கீறல் வழியாக வருகிற பகல் வெளிச்சம் போதும் அவளுக்கு. அவள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். மொத்தக் கட்டடமும் செத்துக் கிடக்க, கம்ப்யூட்டர் மட்டும் தடதடவென்று ஓடி, மணி அடித்து, சுத்தமான தமிழில் ஒரு கடிதத்தைத் துப்பியது. வாரியத் தலைவர் அதை வாங்கிப் படித்தார். கண் கலங்கினார். ஏலம் ரத்து என்று இத்தனை அழகாக யாரும் சொன்னதில்லை என்றார்.

அறிக்கை ஜூனுக்கு முன்பே போய்விட்டது. மின்சாரம் இல்லாமலே இயங்குகிறது, தமிழ் அறிந்திருக்கிறது என்று விருமாண்டி அதில் எழுதினார். பொய்யில்லை. மேலிடத்தில் யாரும் சந்தேகப்படவில்லை. ஏன் மற்ற வாரியங்களின் கம்ப்யூட்டர்கள் அப்படி இல்லை என்று அந்த வாரியங்களுக்குத்தான் விளக்கம் கேட்டு மெமோ போயிற்று.

ஜெயினம்புவின் நிரந்தர உத்தரவு வரவில்லை. வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அவள் தினமும் சந்துக்குள் போய் உட்கார்ந்தாள். பிற்பகலில் கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாகிறது என்பதையும், சாயங்காலம் சரியாக நோன்பு திறக்க பஸ் பிடிக்கிற நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது என்பதையும் கமிட்டி கண்டுபிடித்தது. மெஷினுக்கும் ஒழுங்கு வேண்டும் என்று மலைச்சாமி பாராட்டினார். பெருநாளன்று கம்ப்யூட்டர் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. அரசு விடுமுறையை அது தானாகவே தெரிந்துகொண்டது என்று பதிவு செய்தார்கள்.

மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரிகள் சிலர் பார்க்க வந்தார்கள். இதற்கு எப்படித் தமிழ் வந்தது என்று கேட்டார்கள். மலைச்சாமி அவர்களைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய் எர்த் குழியைக் காட்டினார்.

“கம்பி நம்ம மதுரை மண்ணுக்குள்ள எறங்கியிருக்குல்ல சார். தமிழ் அது வழியா ஏறியிருக்கு.”

அதிகாரிகள் குழியை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கொஞ்சம் மண்ணைத் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதுவரை தினமும் ஒருவேளை தண்ணீர் ஊற்றிய சின்னக்கருப்பன் இனி இரண்டு வேளை ஊற்ற வேண்டும் என்று அன்றே உத்தரவாயிற்று.

ஜூலையில், யாரும் எதிர்பார்க்காதபோது, பவர் சப்ளை வந்து சேர்ந்தது. மாட்டுத்தீவனக் குடோனிலிருந்து பழையதை மீட்டு, அதற்குப் பதிலாகக் கம்பெனி புதிதாக வேறொன்று கொடுத்திருந்தது. பழைய கம்பெனி ஆளே கொண்டுவந்து பொருத்தினார். சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்ன ஃபேன் முனகியது. வெல்வெட் துணிக்கு அடியில் பச்சையாக வெளிச்சம் வந்தது.

ஜெயினம்புவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சந்திலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக அந்த அறைக்குள் போனாள். மெட்ராஸில் படித்த எதுவும் மறக்கவில்லை. உட்கார்ந்து, அடித்து, பிரிண்டர் கிறீச்சிட, ஒரு கடிதத்தை எடுத்து மலைச்சாமி கையில் கொடுத்தாள். இனி ஏ.சி.யில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், நேராக நிமிர்ந்து உட்காரலாம் என்பதுதான் அவள் நினைப்பு.

மலைச்சாமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது இங்கிலீஷ்ல இருக்கே. தமிழ் எங்க?”

இந்த மெஷினில் இங்கிலீஷ் மட்டும்தான் வரும், தமிழ் கிடையாது, எப்போதும் இருந்ததில்லை என்று கம்பெனி ஆள் விளக்கினார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போயிற்று. கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. அறையில் இருந்த எல்லோரும் அதை அதிர்ச்சியோடு பார்த்தார்கள். இரண்டு மாதமாக இப்படி ஒன்று நடந்ததே இல்லை.

கமிட்டி அங்கேயே கூடியது. பழுது எப்போதிலிருந்து என்று ஆராய்ந்தது. இந்த டப்பாவைப் பொருத்தினதிலிருந்துதான் என்று ஏகமனதாகத் தெரிந்தது. டப்பாவைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டும் என்று மலைச்சாமி சொல்ல ஆரம்பித்தார். ஜெயினம்புவுக்கு அந்தச் சந்து கண் முன்னால் வந்தது. அடுத்த கத்திரியும் அதற்கடுத்த கத்திரியும் வந்தன. நிரந்தர உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை, வாயைத் திறந்தால் செங்கோட்டை என்று தெரிந்தும் அவளால் அடக்க முடியவில்லை.

“சார், தமிழ்ல அடிச்சது கம்ப்யூட்டர் இல்ல. நாந்தான் சார் பின்னால உக்காந்து டைப்ரைட்டர்ல அடிச்சேன்.”

விருமாண்டி சுவரைப் பார்த்தார். சின்னக்கருப்பன் வாசலில் வாளியோடு நின்றுவிட்டார். 

மலைச்சாமிக்குக் கோபம் வரவில்லை. ஒரு நல்ல மனிதர் தெரியாமல் பேசுகிறவரிடம் பேசுகிற மாதிரிப் பேசினார்.

“நீ எப்பிடிம்மா அடிச்சிருக்க முடியும்? இந்த ஆபீஸ்ல டைப்பிஸ்டுங்கிற பதவியே கெடையாது. டைப்ரைட்டரும் கெடையாது, ஒழிச்சாச்சு. இல்லாத ஆளு இல்லாத மெஷின்ல அடிச்சதா நாளைக்கு நீ வெளிய சொன்னா, ஜனங்க உன்னையத்தான சிரிப்பாங்க?”

அவள் சந்தைக் காட்டக் கையை நீட்டினாள். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“பதினேழு வருசமா இந்த வாரியம் ஒரே விசயத்தைத்தான் சொல்லுது” என்று மலைச்சாமி எல்லோரையும் பார்த்துத் தொடர்ந்தார். “கொட்டை எடுத்த சரக்குத்தான் ஒசத்தி. கொட்டையை எடுத்தோம், கம்ப்யூட்டர் கரண்டு இல்லாம ஓடுச்சு, தமிழ் பேசுச்சு. மறுபடி கொட்டையை உள்ள வச்சோம், அம்புட்டும் போயிருச்சு. இதுல என்னத்த ஆராயக் கெடக்கு?”

கம்பெனி ஆள் ஏதோ சொல்ல வந்தார். அவரிடம் அவர் கொண்டுவந்த டப்பாவையே கழற்றிக் கொடுத்து, இதைப் பொருத்தியதும் மெஷினுக்குத் தமிழ் மறந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கி, வாசல்வரை வந்து மரியாதையாக அனுப்பி வைத்தார்கள்.

ஜெயினம்புவை யாரும் தண்டிக்கவில்லை. தண்டிப்பதற்கு அவள் எதையும் செய்ததாகப் பதிவு இல்லை. கரண்டு வந்ததும் விருமாண்டி அவளைப் பார்க்காமலே, உள்ளே போம்மா, மெஷினை ஓட்டணும் என்றார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு சந்துக்குப் போனாள்.

அடுத்த வாரம் அவளை நிரந்தரமாக்க மேலிடத்திலிருந்து அனுமதி வந்துவிட்டது. இனி வாரியம் முறைப்படி உத்தரவு போட வேண்டியதுதான் பாக்கி. எல்லா உத்தரவும் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்பதால், மலைச்சாமி தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமாகச் சொல்ல, இந்தப் பக்கம் ஜெயினம்பு அடித்தாள். கம்ப்யூட்டரைச் சிறப்பாக இயக்கியமைக்காகத் திருமதி ஜெயினம்பு ஆப்பரேட்டர் பதவியில் இன்று முதல் நிரந்தரம் செய்யப்படுகிறார். தன் பெயர் வந்த இடத்தில் அவளுக்கு ஒரு எழுத்து தப்பிவிட்டது. அழித்து மறுபடி அடித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் வேர்வை எது கண்ணீர் எது என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை. மணி அடித்தது. தாளைக் கீறல் வழியாகத் தள்ளினாள்.

அந்தப் பக்கம் எல்லோரும் கைதட்டினார்கள். மலைச்சாமி உத்தரவை வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட்டு, சின்னக்கருப்பனிடம் கொடுத்து, ஆப்பரேட்டரம்மா எங்கே இருந்தாலும் தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். சின்னக்கருப்பன் தடுப்பின் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து, உத்தரவை அதே கீறல் வழியாக உள்ளே தள்ளினார்.

அது பாதி நுழைந்ததும் உள்ளிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

“பாத்தீங்களா, தாளை அதுவே இழுத்துக்குது” என்றார் மலைச்சாமி.